அரசின் சட்டமா அதிபர்: பணியும் பொறுப்பும்

ஓர் ஆட்சியின் சிறப்பு ஆள்வோரின் வலிமையால் அளக்கப்படுவதன்று. அவ்வலிமைக்கு எல்லை வகுக்கும் முறையினாலேயே அளக்கப்படுவது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இயல்பிற் கொடியவன் அல்லன். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லைக் கேட்டு ஆராயாது ஆணை பிறப்பித்தான். அதுவே அவன் செய்த பிழை. கோவலனைக் கண்ட காவலருள் ஐயுற்றாரும் இருந்தனர். ஆயினும், அவ்வையத்தை அரசன்முன் வைத்து, இக்குற்றத்திற்குச் சான்று யாது என வினவும் அதிகாரமும் கடப்பாடும் அவருள் எவர்க்கும் இல்லை. அரசனின் சொல்லுக்கும் கொலைஞனின் வாளுக்கும் இடையில் நிற்கவேண்டிய ஓர் அலுவலர் இல்லாமையால், ஒருவன் உயிரும் ஒரு நகரமும் அழிந்தன.

இக்குறையை நிரப்பவே இக்கால அரசுகள் தம்முள்ளேயே ஒரு பதவியை அமைத்துள்ளன. அரசுக்குச் சட்ட ஆலோசனை கூறுதல், அரசின் பெயரால் நீதிமன்றத்தில் தோன்றுதல், குற்றஞ் செய்தார்மேல் வழக்குத் தொடுத்தல் ஆகிய கடமைகளை ஒருங்கே தாங்கும் இவரை ஆங்கிலேயர் அற்றோணி ஜெனரல் என்பர். நம் நாட்டிலே சட்டத்துறை நாயகம் எனவும் சட்டமா அதிபர் எனவும் இப்பதவியின் பெயர் வழங்கிவந்துள்ளது. எந்நாட்டவராயினும் அவரைச் சட்டமா அதிபர் என்றே இக்கட்டுரையிற் குறிப்போம். அவர் யாருடைய ஏவலுக்கு உட்பட்டவர்? அவர் தாம் செய்தவற்றிற்கு யாருக்கு விடைகூறக் கடமைப்பட்டவர்? இவ்விரு வினாக்களும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. இவற்றைக் கலந்து குழப்பியமையால் ஓர் அரசாங்கமே வீழ்ந்த வரலாறும் உண்டு. ஏவல் வேறு, வினா வேறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதவியின் தோற்றம்

மன்னனுடைய நீதிமன்றத்தில் மன்னனுக்கும் வழக்குகள் இருந்தன. காணியுரிமை, வரி, அபராதம் முதலியவற்றை அவன் நேரில் வந்து வாதாடிப் பெறுதல் இயலாது. ஆதலின் 13ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மன்னர் தம்பொருட்டு வழக்காட வழக்கறிஞரை நியமிக்கலாயினர். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி கடந்தபோது அப்பதவி இன்றைய ஆங்கிலப் பெயரைப் பெற்றுவிட்டது. தொடக்கத்தில் அவர் மன்னனின் ஆள்; மன்னன் விரும்பியவாறு வழக்காடுதலே அவர் கடன்.

அந்நிலையின் தீங்கை 1603ஆம் ஆண்டில் வின்செஸ்ரர் நகரிலே நிகழ்ந்த ஒரு விசாரணை காட்டும். கடலோடியும் எழுத்தாளருமான சேர் வோல்ற்றர் றாலி அரசத் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு அங்கே நிறுத்தப்பட்டார். வழக்கை நடத்தியவர் அக்காலச் சட்டமா அதிபரான எட்வேட் கோக். றாலிக்கு எதிரான முதன்மைச் சான்று கொப்ஹம் பிரபு சிறையிலிருந்து அளித்த வாக்குமூலமே. அப்பிரபுவை நேரிற் கொணர்ந்து தம் முகத்துக்கெதிரே சொல்லச் செய்யுமாறு றாலி மீண்டும் மீண்டும் வேண்டினார், எவரும் இணங்கினாரல்லர். சான்றின் குறையைக் கோக் வசைமொழியால் நிரப்பினார். றாலி குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, பல்லாண்டு சிறையிருந்து, 1618இலே அத்தீர்ப்பின்படியே தலை துணிக்கப்பட்டார்.

இதே கோக் பின்னர் நீதிபதியாகிப் பிரதம நீதியரசராகவும் உயர்ந்தார். அப்பதவியிலிருந்து, மன்னனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என முதலாம் ஜேம்ஸ் மன்னனுக்கு எடுத்துரைத்தார். அவ்வுறுதியின் பயனாக 1616இற் பதவி நீக்கப்பட்டார். ஒரே மனிதர் சட்டமா அதிபராக இருந்தபோது மன்னனின் கருவியாகவும், நீதிபதியாக இருந்தபோது மன்னனுக்கு எல்லை கூறுபவராகவும் விளங்கினார். மனிதரின் அறிவு மாறவில்லை. அவர் இருந்த ஆசனமே மாறியது. ஆகவே, பதவியின் அமைப்பே அதிலிருப்பவரின் ஒழுக்கத்தைப் பெரிதும் வகுக்கின்றது என்பது பெறப்படும்.

நால்வகைக் கடமை

காலப்போக்கிலே சட்டமா அதிபரின் பணி நால்வகையாக விரிந்தது. முதலாவது, ஆலோசகர் பணி. அரசு செய்யக் கருதும் செயல் சட்டத்திற்கு இயைந்ததோ என அவர் கூறவேண்டும். இரண்டாவது, வழக்குரைஞர் பணி. குடிமகன் ஒருவன் அரசின்மீது வழக்கிடின், அரசின் சார்பில் எதிர்நிற்பவர் அவரே. மூன்றாவது, குற்றவழக்குத் தொடுநர் பணி. யார்மீது வழக்குத் தொடுப்பது, யார்மீது விடுவது, தொடுத்த வழக்கை எப்பொழுது கைவிடுவது என்பன அவர் கையில் உள்ளன. நான்காவது, பொதுநலக் காவலர் பணி. எவர்க்கும் தனியே உரித்தாகாது, எல்லார்க்கும் பொதுவாயுள்ள உரிமைகளைப் பேணுவதற்கு அவர் நீதிமன்றஞ் செல்லலாம்.

இந்நான்கனுள் முன்னைய இரண்டும் கட்சிக்காரனுக்கும் வழக்கறிஞனுக்கும் உள்ள உறவைப் போல்வன. கட்சிக்காரனாகிய அரசு வழக்கின் போக்கைத் தீர்மானிக்கலாம், அதிற் குற்றமில்லை. பின்னைய இரண்டுமோ முற்றும் வேறானவை. வழக்குத் தொடுக்குமிடத்து அவர்க்குக் கட்சிக்காரன் அரசாங்கம் அன்று. சட்டமும் நாட்டு மக்களுமே. ஆயினும் நான்கு பணிகளையும் ஆற்றுபவர் ஒருவரே. காலையிலே மந்திரிமாருக்கு ஆலோசனை கூறியவர், மாலையிலே அம்மந்திரிமாருள் ஒருவர்மீது வழக்குத் தொடுப்பதா என ஆராய நேரலாம். இப்பதவியின் இடர்ப்பாடு முழுவதும் இந்த இரட்டை நிலையிலேதான் உள்ளது.

கம்பெல் வழக்கு

இவ்விடர்ப்பாடு உலகறிய வெளிப்பட்டது 1924ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜனவரியில் இங்கிலாந்தின் முதலாவது தொழிற்கட்சி அரசாங்கம் றாம்சே மக்டொனால்ட் தலைமையில் அமைந்தது. பாராளுமன்றத்தில் அதற்குப் பெரும்பான்மை இல்லை. புகழ்பெற்ற வழக்கறிஞரான சேர் பற்றிக் ஹேஸ்ரிங்ஸ் சட்டமா அதிபரானார். ஜூலை 25ஆம் நாள், பொதுவுடைமைக் கட்சியின் வார இதழொன்று, தொழிலாளர்மேற் சுடவேண்டாம் எனப் போர்வீரரை விளித்து ஒரு பகிரங்கக் கடிதத்தை வெளியிட்டது. படைவீரரைக் கலகத்திற்குத் தூண்டுதலைத் தண்டிக்கும் 1797ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது குற்றமாகுமெனக் கருதி, ஹேஸ்ரிங்ஸ் வழக்குத் தொடுக்க இசைந்தார். ஓகஸ்ற் 5ஆம் நாள் பதிற்கடமை ஆசிரியரான ஜோன் றொஸ் கம்பெல் கைதானார்.

மறுநாளே பாராளுமன்றத்தில் அரசாங்கக் கட்சியினரே கொதித்தெழுந்தனர். கம்பெல் முதலாம் உலகப் போரிலே காயமுற்றவர். வீரத்திற்காகப் பதக்கம் பெற்றவர். இதழின் நிலையான ஆசிரியரும் அல்லர். இவற்றை அறிந்த ஹேஸ்ரிங்ஸ், யூரிமார் இவரைத் தண்டிக்கமாட்டார் எனவும் வழக்கைக் கைவிடுதலே தக்கதெனவும் எண்ணினார். இவ்வளவில் நின்றிருப்பின் குறைகூற இடமில்லை. ஆனால் அன்று மாலை மந்திரிசபை கூடி அவ்வழக்கைப்பற்றி ஆலோசித்தது. சட்டமா அதிபர் காட்டிய வழியை ஏற்றது. அதனோடமையாது, அரசியற் சார்புள்ள எவ்வழக்கும் மந்திரிசபையின் முன்னனுமதியின்றித் தொடுக்கப்படலாகாது என்றும் தீர்மானித்தது. ஓகஸ்ற் 13ஆம் நாள் வழக்குக் கைவிடப்பட்டது.

செப்ரெம்பர் இறுதியிற் பாராளுமன்றம் கூடியபோது, வழக்கைத் தொடுத்தலிலோ கைவிடுதலிலோ தம்மிடம் எவரும் ஆலோசனை கேட்டிலர் எனப் பிரதம மந்திரி கூறினார். அஃது உண்மைக்கு மாறானது என்பது பின்னர் வெளிப்பட, அவரே தம் கூற்றைத் திருத்த நேர்ந்தது. ஒக்ரோபர் 8ஆம் நாள், இதனை ஆராய ஒரு தெரிவுக்குழு வேண்டுமென்னும் லிபரல் கட்சியினரின் திருத்தப் பிரேரணை நிறைவேறியது. அதனை நம்பிக்கையின்மையாகவே கொண்ட அரசாங்கம் பாராளுமன்றத்தைக் கலைத்தது. அதே மாத இறுதியில் நடந்த தேர்தலிலே தோற்றது. மறு ஆண்டு, கொன்சவேற்றிவ் அரசாங்கத்தின் கீழ், பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பன்னிருவர் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிடப்பட்டனர். கம்பெலும் அவருள் ஒருவர்.

இவ்வரலாற்றில் உண்மையான பிழை யாது? வழக்கைத் தொடுத்ததா? அன்று, அதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. கைவிட்டதா? அதுவும் அன்று, பொதுநலங் கருதிக் கைவிடுதல் சட்டமா அதிபரின் அதிகாரத்துள் அடங்கும். முடிவு யாருடையது என்பது தெளிவின்றிப் போனதே பிழை. சட்டமா அதிபர் தம் முடிவென்றார். மந்திரிசபைக் குறிப்போ மந்திரிசபையின் முடிவுபோலப் பேசியது. பிரதம மந்திரி தமக்குத் தொடர்பேயில்லை என்றார். முடிவு இன்னாருடையதென அறியப்படாவிடின், அம்முடிவுக்கு விடைகூற வேண்டியவர் இன்னாரென்பதும் அறியப்படாது. ஏவலும் வினாவும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன.

ஷோகுறொஸ் வகுத்த நெறி

இப்பிழையினின்று பெற்ற பாடத்தைத் திட்டமாக வகுத்துரைத்தவர் சேர் ஹாட்லி ஷோகுறொஸ். நூரம்பேர்க் நகரில் நாற்சித் தலைவர்மீது நடந்த விசாரணையில் பிரித்தானியரின் தலைமை வழக்குத் தொடுநராக இருந்தவர் இவர். 1951 ஜனவரி 29ஆம் நாள், சட்டமா அதிபர் என்ற நிலையிலே பாராளுமன்றத்தில் இவர் ஆற்றிய உரை, ஆங்கிலச் சட்டமுறையைப் பின்பற்றும் நாடுகளில் இன்றுவரை நெறியாகக் கொள்ளப்படுகின்றது. அதன் சாரத்தை நான்கு கூறாகச் சொல்லலாம்.

ஒன்று: குற்றம் நிகழ்ந்ததென ஐயம் எழுந்தவிடமெல்லாம் வழக்குத் தொடுத்தே தீரவேண்டும் என்பதில்லை, பொதுநலத்தையும் ஆராயவேண்டும். இரண்டு: அப்பொதுநலத்தை அறியும்பொருட்டுச் சட்டமா அதிபர் மற்றை மந்திரிமாரோடு கலந்தாலோசிக்கலாம், சில வேளைகளில் ஆலோசித்தல் கடமையுமாகும். மூன்று: அவர்கள் தகவல் கூறலாமேயன்றி, இன்னது செய்க எனப் பணித்தலோ நெருக்குதலோ ஆகாது. நான்கு: முடிவும் அதன் பொறுப்பும் சட்டமா அதிபருடையவையே, மந்திரிமார் தலையில் அவற்றை அவர் ஏற்றலாகாது. இவற்றோடு, ஒரு வழக்கால் அரசாங்கத்தின் கட்சி நலத்திற்கு விளையும் இலாப நட்டத்தை அவர் எண்ணவே கூடாதென்பதும் அந்நெறியின் உயிர்ப்பகுதியாகும்.

நான்காவது கூறே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. சுதந்திரம் அவர்க்கு அளிக்கப்பட்ட சலுகையன்று. பொறுப்பை அவர்மேல் முழுமையாகச் சுமத்துவதற்கான வழி. ஏவலுக்கு உட்பட்டவன், ஏவினவனைக் காட்டித் தப்பலாம். ஏவலுக்கு உட்படாதவனுக்கு அவ்வழி அடைபட்டுவிடுகின்றது.

இந்நெறி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கனடாவிலே, 2019ஆம் ஆண்டு, பெரிய கட்டடப் பொறியியல் நிறுவனமொன்றின்மீதான குற்றவழக்கைப் பற்றிப் பிரதம மந்திரியும் அவர் அலுவலரும் சட்டமா அதிபரான ஜோடி வில்சன்-றேபோல்டுக்கு நெருக்குதல் கொடுத்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பாராளுமன்ற ஒழுக்கநெறி ஆணையாளர் ஆராய்ந்து, பிரதம மந்திரி நலமுரண் சட்டத்தை மீறினாரென அறிக்கையிட்டார். தகவல் கூறுதல் எங்கே முடிகின்றது, நெருக்குதல் எங்கே தொடங்குகின்றது என்பதே அங்கும் வினாவாயிற்று. ஒருமுறை கூறுதல் தகவல். மறுத்தபின்னும் ஆள்மாற்றி ஆள்மாற்றிக் கூறுதல் நெருக்குதல் எனலாம்.

யாருக்கு விடை கூறுவார்?

ஏவலுக்கு உட்படாதவர் வினாவுக்கேனும் உட்படவேண்டுமன்றோ? இல்லையேல் அவர் சுதந்திரர் ஆகார்; தனியரசர் ஆவார். அவரை வினவும் இடங்கள் மூன்று.

முதலாவது பாராளுமன்றம். இங்கிலாந்தின் சட்டமா அதிபர் பாராளுமன்ற உறுப்பினர்; ஆதலின் நேரில் எழுந்து விடைகூறுவார். முடிவெடுக்குமுன் அவரைப் பணித்தல் தவறு. முடிவெடுத்தபின் ஏன் இவ்வாறு செய்தீர் என வினவுதல் முறை. ஆயினும் அவர் அளிக்கும் ஆலோசனை இரகசியமானது என்னும் வழக்கம் இங்கே குறுக்கிடுகின்றது. 2003ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், ஈராக்கின்மீது போர் தொடுத்தல் சட்டத்திற்கு இயையுமோ என்பது பற்றிக் கோல்ட்ஸ்மித் பிரபு பிரதம மந்திரிக்கு எழுதிய நீண்ட ஆலோசனையிற் பல ஐயங்களும் எச்சரிக்கைகளும் இருந்தன. பத்து நாட்களின்பின் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அவரது சுருக்கமான விடையிலே அவ்வையங்கள் இடம்பெறவில்லை. முழு ஆலோசனை வெளிவந்தது 2005இல். போர் தொடங்கி ஈராண்டு கழிந்தபின். போருக்குச் சட்ட ஆதாரம் உண்டெனத் தீர்மானித்த முறை திருப்திக்குரியதன்றென 2016இலே சில்கொற் விசாரணை அறிக்கை கூறியது. கேட்கவேண்டிய காலத்திற் கேட்கமுடியாத விடை, விடையாகாது.

இரண்டாவது நீதிமன்றம். 1977ஆம் ஆண்டில், தென்னாபிரிக்காவுக்குச் செல்லும் கடிதங்களைக் கையாள மறுக்கப்போவதாகப் பிரித்தானியத் தபால் ஊழியர் சங்கம் அறிவித்தது. அதனைத் தடுக்கும் வழக்கிற்குத் தம் பெயரை அளிக்கச் சட்டமா அதிபர் மறுத்தார். அம்மறுப்பை நீதிமன்றம் ஆராயவியலாதெனப் பிரபுக்கள் சபை கூரியே வழக்கிலே தீர்த்தது. அவர் பாராளுமன்றத்திற்கே விடைகூறுபவர், நீதிமன்றத்திற்கல்லர் என்பது அத்தீர்ப்பின் கருத்து. இக்கருத்தை எல்லா நாடும் ஏற்கவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

மூன்றாவது அவரவர் மனச்சாட்சி. அதன் மொழி பதவி துறத்தல். ஐக்கிய அமெரிக்காவிலே வோட்டகேற் ஊழலை ஆராய்ந்த விசேட வழக்குத் தொடுநர் ஆச்சிபோல்ட் கொக்ஸ், சனாதிபதி நிக்சனின் ஒலிப்பதிவுகளைக் கேட்டார். 1973 ஒக்ரோபர் 20ஆம் நாள், கொக்ஸை நீக்குமாறு சனாதிபதி பணித்தார். சட்டமா அதிபர் எலியற் றிச்சட்சன் மறுத்துப் பதவி துறந்தார். அடுத்த நிலையிலிருந்த வில்லியம் றக்கல்ஷோசும் மறுத்து நீங்கினார். மூன்றாமவரான சொலிசிற்றர் ஜெனரல் றொபேட் போர்க்கே பணிப்பை நிறைவேற்றினார். எனினும் இருவர் துறந்த செய்தி நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டு ஓகஸ்ற் மாதத்திலே நிக்சனே பதவி துறந்தார். இதே நிக்சனின் முன்னைய சட்டமா அதிபரான ஜோன் மிச்செலோ, அவ்வூழலை மறைக்க உடந்தையாயிருந்தமைக்காகச் சிறைசென்றார். ஒரே ஆட்சியில் ஒரே பதவியை வகித்த இருவர். ஒருவர் சனாதிபதிக்கு உண்மையாயிருந்தார், மற்றவர் சட்டத்திற்கு உண்மையாயிருந்தார்.

நம் நாட்டு நிலை

மேலே கூறிய நாடுகளிற் சட்டமா அதிபர் ஓர் அரசியல்வாதி. இலங்கையில் அப்பதவி வேறுவகையாக வளர்ந்தது. ஒல்லாந்தர் காலத்து அட்வக்கேற் பிஸ்கால் என்னும் பதவியே ஆங்கிலேயர் ஆட்சியிலும் தொடர்ந்து, பின்னர் முடிக்குரிய அட்வக்கேற் எனப் பெயர் மாறி, 1884இல் இன்றைய ஆங்கிலப் பெயரைப் பெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1892 முதல் 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாகப் பணியாற்றியவர். சட்டமா அதிபராகவும் பதிற்கடமை பார்த்தவர். அரசாங்கத்தின் சட்ட அலுவலராக அத்துணைக் காலம் இருந்த அவரே, 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின்கீழ் அலுவலர் புரிந்த கொடுமைகளைச் சட்டசபையிலே வன்மையாகக் கண்டித்தார். சட்ட அலுவலரின் பற்று ஆள்வோர்மேலன்று, சட்டத்தின்மேலேயே இருத்தல் வேண்டுமென்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

1947ஆம் ஆண்டின் சோல்பரி அரசியற்றிட்டத்தின்கீழ்ச் சட்டமா அதிபர் நிலையான அரசாங்க உத்தியோகத்தராயினார். மந்திரிசபை மாறினும் அவர் மாறார். அரசின்மீது வழக்கிடுவோர் அவரையே எதிராளியாகக் குறிப்பிடல் மரபு. 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தின் விளைவாகச் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாமையாற் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட தமிழ் எழுதுவினைஞரான செல்லையா கோடீஸ்வரன் தொடுத்த வழக்கும் சட்டமா அதிபருக்கு எதிராகவே அமைந்தது. 1964இல் மாவட்ட நீதிபதி அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தார். சட்டமா அதிபர் மேன்முறையீடு செய்ய, அரசாங்க ஊழியன் சம்பளத்திற்காக முடிமீது வழக்கிடல் இயலாதென 1967இல் உயர் நீதிமன்றம் கூறியது. 1969இற் கோமறைக் கழகம் அதனை மாற்றி, வழக்கிடலாமெனத் தீர்த்தது. மொழிச்சட்டம் செல்லுமோ என்னும் பெருவினாவை விடுவிக்காது, உயர் நீதிமன்றத்திற்கே திருப்பியனுப்பியது. இங்கே சட்டமா அதிபர் ஆற்றியது வழக்குரைஞர் பணி. தம் கட்சிக்காரனாகிய அரசுக்காக அவர் வாதாடினார். அதில் அவர் கடமை தவறினாரெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், குடிமகன் ஒருவனின் உரிமைக்கு எதிரே நாட்டின் தலைசிறந்த சட்ட அறிவு நிறுத்தப்படும்போது, பொதுநலக் காவலர் எங்கே நிற்கிறார் என்னும் வினா எழாமற் போகாது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு அவர்க்கு மேலும் ஒரு பாரத்தை ஏற்றியது. பாராளுமன்றத்திற்கு வரும் ஒவ்வொரு சட்டமூலத்தையும் ஆராய்ந்து, அஃது விசேட பெரும்பான்மையின்றி நிறைவேறவியலாததாயின் அதனைத் தெரிவிக்குமாறு 77ஆம் உறுப்புரை அவரைக் கடமைப்படுத்துகின்றது. சட்டமூலம் ஒருமுறை சட்டமாகிச் சான்றுரைக்கப்பட்டபின், அதன் வலிதைப்பற்றி எந்நீதிமன்றமும் ஆராயவியலாது என்பதும் அவ்வரசியலமைப்பின் ஏற்பாடு. ஆதலின் வாயிற்காவலர் உறங்கின் வீட்டிற்குள்ளே வேறு காவலில்லை. அச்சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்திற் குடிமக்கள் எதிர்ப்பின், அரசுக்காக அங்கே தோன்றுபவரும் அவர் திணைக்களத்தினரே.

வழக்குத் தொடுக்கும் அதிகாரத்தைப் பொறுத்தவரை, நம் உயர் நீதிமன்றம் கூரியே வழக்கின் வழியிற் செல்லவில்லை. பத்திரிகையாசிரியர் விக்டர் ஐவன், தம்மீது அவதூறுக் குற்றப்பத்திரங்கள் தாக்கல் செய்யப்பட்டமையை எதிர்த்து உயர் நீதிமன்றஞ் சென்றார். அவர் மனு வெற்றிபெறாவிடினும், சட்டமா அதிபரின் தற்றுணிபு கட்டற்றதன்று. பொதுமக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக அளிக்கப்பட்டது. தகாத நோக்கத்திற்கோ பாரபட்சமாகவோ கையாளப்படின் நீதிமன்றம் ஆராயும் என்னும் கோட்பாடு 1998இல் வெளிவந்த அத்தீர்ப்பால் நிலைபெற்றது.

நியமனத்திலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 2001ஆம் ஆண்டின் 17ஆம் திருத்தம், அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரமின்றிச் சனாதிபதி சட்டமா அதிபரை நியமித்தலாகாதென விதித்தது. 2010இன் 18ஆம் திருத்தம் அத்தடையை நீக்கியது. 2015இன் 19ஆம் திருத்தம் மீட்டது. 2020இன் 20ஆம் திருத்தம் மீண்டும் நீக்கியது. 2022இன் 21ஆம் திருத்தம் மீண்டும் மீட்டது. ஏறக்குறைய இருபத்தோராண்டில் ஐந்துமுறை மாறிய இவ்விதியே இப்பதவி ஆள்வோர்க்கு எத்துணை இன்றியமையாததென்பதைக் காட்டும். பதவி நீக்கமோ 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விசாரணைக் குழுவின் ஆய்வும் பாராளுமன்றத்தின் தீர்மானமும் பெற்றே நிகழவேண்டும். அரசாங்கத்தின் சினத்திற்கு ஆளானமையால் மட்டும் ஒருவர் நீக்கப்படாதவாறு இஃது ஒரு வேலியாகும்.

எஞ்சிய குறை

ஆகவே, ஏவலினின்று காக்கும் வேலி நம் நாட்டில் ஓரளவு அமைந்துள்ளது எனலாம். வினாவுக்கு உட்படுத்தும் வாயிலோ குறுகியது. சட்டமா அதிபர் பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். அவர் முடிவுகளைப்பற்றிப் பாராளுமன்றத்தில் வினா எழும்போது விடைகூறுபவர் நீதி அமைச்சர். முடிவெடுத்தவர் அங்கில்லை, அங்குள்ளவர் முடிவெடுத்தவரல்லர். கம்பெல் வழக்கில் நேர்ந்த குழப்பம் இங்கே அமைப்பிலேயே பொதிந்துள்ளது.

இதனால் துன்புறுவோர் யாவர்? 2008, 2009ஆம் ஆண்டுகளிலே கொழும்பிலும் அயலிலும் பதினொருவர் கடத்தப்பட்டுக் காணாமற் போயினர். மாணவரும் அவருள் இருந்தனர். அவ்வழக்கில் முன்னாட் கடற்படைத் தளபதி ஒருவர்மீதான குற்றச்சாட்டுகளைத் தொடரப்போவதில்லையெனச் சட்டமா அதிபர் 2021 ஓகஸ்ற் மாதத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்கு அறிவித்தார். அம்முடிவு சரியோ, தவறோ என்பதை ஈண்டு ஆராயவில்லை. ஒருவர்மீது போதிய சான்றில்லாவிடின் வழக்கைக் கைவிடுதல் நீதியே. ஆனால், பல்லாண்டாகப் பிள்ளைகளைத் தேடும் பெற்றோருக்கு அம்முடிவின் காரணம் கூறப்படவேண்டாவோ? காரணமறியா மௌனத்தில், நேர்மையான முடிவும் நெருக்குதலால் விளைந்த முடிவும் ஒரே தோற்றங் கொள்கின்றன. நேர்மையான சட்டமா அதிபருக்கும் அம்மௌனம் தீங்கே செய்கின்றது.

காரணங்களை வெளியிடின், குற்றம் நிறுவப்படாதவரின் நற்பெயர் கெடும். சாட்சிகளுக்கு இடர் நேரும் என்பர். இதிலும் உண்மையுண்டு. ஆயினும் எல்லாவற்றையும் மறைப்பதற்கும் எல்லாவற்றையும் பறைசாற்றுவதற்கும் இடைப்பட்ட வழிகள் உள்ளன. இங்கிலாந்திலே 2013 முதல், வழக்குத் தொடுப்பதில்லை என்னும் முடிவை மீளாய்வு செய்யுமாறு பாதிக்கப்பட்டவர் முறைப்படி கேட்கலாம். வழக்குத் தொடுக்கும் பணியை ஆலோசகர் பணியினின்று பிரித்துத் தனி அலுவலரிடம் ஒப்படைத்தல் பிறிதொரு வழி. இலங்கையிலும் 1970களிற் பொது வழக்குத் தொடுநருக்கெனத் தனிப்பதவி சிறிதுகாலம் இருந்து மறைந்தது. அத்தகைய அலுவலகம் மீண்டும் வேண்டுமென்னும் குரல் அண்மை ஆண்டுகளில் ஓங்கியுள்ளது. எனினும், பதவியைப் பிரித்தல் மட்டும் போதாது. புதிய அலுவலர்க்கும் இதே இரு வினாக்கள் உரியனவே: அவரை ஏவுபவர் யார்? அவரை வினவுபவர் யார்?

முதல் வினாவிற்கு, எவருமிலர் என்னும் விடையும், இரண்டாவதற்கு, நாட்டு மக்கள் அனைவரும் அவர்தம் மன்றங்களின் வாயிலாக என்னும் விடையும் கிடைக்கும் நாட்டிலேயே சட்டத்தின் ஆட்சி நிலவுகின்றதெனலாம். கோக்கின் வசைமொழியிலிருந்து றிச்சட்சனின் பதவித்துறவு வரை, இப்பதவியின் வரலாறு கற்பிப்பது இதுவே. நம் கல்லூரியிலிருந்து சட்டத்துறைக்குச் செல்லும் மாணவர் பலர். அவருட் சிலர் ஒருநாள் அரசின் சட்ட அலுவலராகலாம். அந்நாளில் அவர் எடுக்கும் முடிவின் அடியிலே, யாவரும் வாசித்து ஆராயத்தக்க காரணத்தைத் தம் கையெழுத்துடன் எழுதிவைப்பாராயின், அவர் தம் கடமையைச் செவ்வனே செய்தவராவர்.